டர்பனுக்குக் கூட்டிப் போகச் சொல்லும் பாட்டும், டர்பனிலேயே இருந்த நாங்களும்

கோயம்புத்தூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து பிராய் (வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுட்டுச் சாப்பிடுவது) போட்டோம். இருட்டினதும் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கிட்டாரை எடுத்து ஒரு பாட்டுப் பாடினார். பிள்ளைகள் அப்பாவிடம் டர்பனுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரிப் பாட்டு. எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். அது என்ன பாட்டு? அந்தக் காலத்தில் டர்பன் அவ்வளவு பெரிய விடுமுறை ஊரா? நம் தமிழ் ஆட்களும் அந்தப் பீச்சுக்குப் போவார்களா?"

தம்பி, அந்தப் பாட்டின் பெயர் 'அக் ப்ளீஸ் டெடி'. 'அக்' என்பது ஆப்பிரிக்கான்ஸ் சொல், டச்சிலிருந்து பிறந்த இந்த நாட்டு மொழி அது. அந்த 'க்'கைத் தொண்டைக்குள்ளிருந்து காறுகிற மாதிரி எடுக்க வேண்டும். நாம் சலிப்பிலும் கெஞ்சலிலும் 'அட', 'ஐயோ', 'போப்பா' என்று இழுக்கிறதெல்லாம் அந்த ஒரே சத்தத்துக்குள் அடங்கிவிடும். 'டெடி' யாரோ என்று நினைக்காதீர்கள், 'டாடி'தான். ஜோகன்னஸ்பர்க்கின் தெற்குப் பக்கத்துப் பையன்கள் வாயில் அது அப்படித்தான் வரும்.

எழுதியவர் ஜெரமி டெய்லர். இங்கிலாந்துக்காரர், 1937ல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். தென்னாப்பிரிக்காவுக்கு வந்து ரோசட்டன்வில்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பதால் ஒருநாள் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். தங்கச் சுரங்கங்களை ஒட்டி வளர்ந்த தெற்குப் புறநகர். அப்போது உழைக்கிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த இடம். வகுப்பில் பையன்கள் பேசிய ஆங்கிலம் வாத்தியார் ஆக்ஸ்போர்டில் கேட்ட ஆங்கிலமாக இல்லை. நாலு சொல்லுக்கு ஒரு சொல் ஆப்பிரிக்கான்ஸ், உயிரெழுத்தெல்லாம் கோணல். வேறொரு வாத்தியாராக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். இவர் கிட்டாரை எடுத்தார்.

1962ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'வெய்ட் எ மினிம்' என்று ஒரு மேடை நிகழ்ச்சி தொடங்கியது. நையாண்டியும் நாட்டுப்புற இசையும் கலந்த விருந்து. லியோன் க்ளுக்மன் நடத்தினார். ஆண்ட்ரூ டிரேசி, பால் டிரேசி என்ற அண்ணன் தம்பி அதில் ஆப்பிரிக்க வாத்தியங்களை எல்லாம் வாசித்தார்கள். நிகழ்ச்சி 1964ல் லண்டனுக்கும் 1966ல் நியூயார்க்குக்கும் போனது. அதில் டெய்லர் பாடிய பாட்டுதான் இது. இசைத்தட்டாக வந்ததும் நாடு முழுக்க விற்றது. நிறவெறி அரசின் வானொலி மட்டும் ஒலிபரப்ப மாட்டேன் என்று விட்டது. ஆங்கிலத்தையும் ஆப்பிரிக்கான்ஸையும் ஒரே வாயில் கலந்துவிட்டதாம், அதுதான் குற்றம். மனிதர்களைக் கலக்க விடாதவர்களுக்குச் சொற்கள் கலந்தாலும் வயிறு கலங்கத்தானே செய்யும். (பிற்காலத்தில் அந்த ஆளையே நாட்டுக்குள் விடாமல் தடுத்தார்கள், அது வேறு கதை.)

பாட்டில் என்ன இருக்கிறது என்றால், நச்சரிப்பு. அவ்வளவுதான். பிள்ளைகள் வரிசையாக அப்பாவிடம் கேட்கிறார்கள். முதலில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன்னுக்குக் கூட்டிப் போ என்கிறார்கள், டார்ஜான் படம் பார்க்க வேண்டும். பிறகு பொருட்காட்சிக்கு, முட்டிக்கொள்ளும் கார்களில் ஏற வேண்டும். பிறகு மல்யுத்தத்துக்கு, நம்ம ஊர் ஆள் அமெரிக்கக்காரனைப் போட்டு மிதிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் டர்பன். ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவில் பல்லவி. அதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது, முழுக்கத் தின்பண்டப் பட்டியல். பாப்கார்ன், சூயிங்கம், கடலை, பஞ்சுமிட்டாய், ஐஸ்கிரீம், இஞ்சி பீர். மூச்சு விடாமல் பாட வேண்டும். அந்தப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் ஆனதற்கு டர்பன் காரணம் இல்லை, அந்தப் பட்டியல்தான்.

உங்கள் ஆபீஸ் ஆட்கள் வாயை மூடிய இடமும் அங்கேதான். பட்டியலில் ஒரு மிட்டாய் வருகிறது. கோலிக்குண்டு அளவில் கறுப்பாக இருக்கும். வாயில் ஊற ஊற நிறம் மாறிக்கொண்டே வரும். நாங்கள் நாக்கில் போட்டு உறிஞ்சிவிட்டு, வெளியே எடுத்து, இப்போது பச்சை, இப்போது மஞ்சள் என்று பந்தயம் கட்டுவோம். அந்த மிட்டாய்க்கு இந்த நாட்டில் வைத்திருந்த பெயர் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல். கடையில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் அதைச் சொல்லித்தான் கேட்டோம், நானும் கேட்டிருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன். இப்போது பாடுகிறவர்கள் சிலர் வேறு மிட்டாயின் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள், சிலர் அந்த இடத்தில் மேசையைத் தட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் பாட நேர்ந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

டர்பனுக்கு நாலே வரிதான். செவ்ரோலே காரில் ஏறினால் எட்டே மணி நேரம். கடல், மணல், வெயில் எல்லாம் எக்கச்சக்கம். மீன்காட்சிச் சாலையில் மீன் இருக்கிறது. விடுமுறைக்கு 'லெக்கர்' ஆன இடம். லெக்கர் என்றால் ருசி, சுகம், ஜோர், எல்லாம். எங்கள் வீட்டுத் தமிழிலும் அந்தச் சொல் எப்போதோ குடியேறிவிட்டது. ரசம் லெக்கராக இருக்கிறது என்று என் அம்மாவே சொல்லுவாள்.

இந்த நாலு வரியை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பிள்ளைகள் நீந்தப் போகலாம் என்று கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? கடலைச் சொல்லிவிட்டு நேரே கண்ணாடித் தொட்டிக்குப் போய்விடுகிறார்கள். அந்த மீன்காட்சிச் சாலை அப்போது புத்தம் புதியது, 1959ல் வெஸ்ட் ஸ்ட்ரீட்டின் கடல் முனையில் திறந்தது, அதனால் அதற்கு மவுசு. ஆனால் எனக்கு இன்னொரு காரணமும் தோன்றும். 1957 டிசம்பரில் டர்பனுக்குத் தெற்கே உள்ள கடற்கரைகளில் அடுத்தடுத்துச் சுறா தாக்கி ஆட்கள் செத்தார்கள். 'கறுப்பு டிசம்பர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விடுமுறைக்கு வந்த ஜனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டது. டர்பன் நகரத்துக் கரையில் மட்டும் 1952லேயே சுறா வலை கட்டியிருந்தார்கள்; மற்ற ஊர்களுக்கும் சேர்த்து அதைக் கவனிக்கத் தனி வாரியமே 1964ல்தான் வந்தது. அந்தப் பயம் ஆறாத நாலைந்து வருடத்துக்குள் எழுதிய பாட்டில், மீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதே நல்லது என்று ஒரு பையன் நினைத்திருந்தால் தப்பில்லை. இது என் ஊகம். பாடியவரிடம் கேட்டால் தாளத்துக்காகப் போட்டேன் என்று சொல்லக்கூடும்.

இன்னொன்று. கடற்கரையைக் கொண்டாடுகிற பாட்டு என்று சொல்கிறோமே, அதில் யாரும் டர்பனுக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்பா எழுந்திருக்கிறதே இல்லை. கடைசிச் சரணத்தில் பிள்ளைகள் மிரட்டலுக்கு இறங்கிவிடுகிறார்கள்: பயாஸ்கோப்புக்கும் இல்லை, டர்பனுக்கும் இல்லை என்றால் நாங்கள் வேறு என்ன செய்வது, பக்கத்து வீட்டுப் பையன்களைப் போட்டு உதைக்கத்தான் போகிறோம் என்று. (பயாஸ்கோப்பு என்ற சொல்லை உங்கள் ஊரில் கொள்ளுத்தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். இங்கே அதற்கு இன்னும் ஆயுள் முடியவில்லை.) ஆக, கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாடியதல்ல அது. கடலுக்கு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, சுரங்கத்து மண்மேட்டு ஓரத்தில் நின்றுகொண்டு கேட்கிற பாட்டு. கேட்டுக் கிடைக்காததால்தான் அதில் இவ்வளவு இனிப்பு.

இனி உங்கள் கடைசிக் கேள்வி.

நான் பிறந்தது டர்பனில், மகஸீன் பேரக்ஸில். நகரத்தின் துப்புரவு, தெரு, பூங்கா வேலைகளுக்கு எடுத்த இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைக்க 1880களில் தொடங்கிய லைன் வீடுகள் அவை. பக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு இருந்ததால் அந்தப் பெயர். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், அடுத்தபடியாகத் தெலுங்குக்காரர்கள். கோயில் உண்டு, கூத்து உண்டு, காவடி உண்டு, பந்தாட்டக் குழுக்கள் உண்டு. வீட்டுக்கு ஒரே அறை, பத்துப் பேர். அங்கிருந்து கடல் நடக்கிற தூரம். ராத்திரி அலைச்சத்தம் கேட்டுக்கொண்டேதான் தூங்குவோம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது இந்தப் பாட்டு எங்கள் லைனுக்கு வந்தது. தட்டில் வரவில்லை, வானொலியிலும் வரவில்லை. பெரியப்பா மகன் ஒருத்தர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெய்ட்டர் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் டர்பன் ஓட்டல்களில் வெள்ளைக் கோட்டும் இடுப்பில் சிவப்புப் பட்டையும் கட்டிக்கொண்டு பரிமாறியவர்கள் நம் ஆட்கள்தான். டிசம்பர் வந்தால் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து 'வாலி'கள் வந்து இறங்குவார்கள். உள்நாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு டர்பன்காரர்கள் வைத்த பெயர் அது, வால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். அந்த வாலிப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தட்டிக்கொண்டு இதைப் பாடும். அண்ணன் காது கொடுத்துக் கேட்டு, பாதி புரிந்து, மீதியைத் தானே கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தின்பண்டப் பட்டியலில் எங்களுக்குத் தெரியாதவற்றை எடுத்துவிட்டு வடை, சுண்டல், சோஜி என்று போட்டார். தாளம் கச்சிதமாக உட்கார்ந்தது.

நாங்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகள் குழாயடியில் நின்று, "அக் ப்ளீஸ் டெடி, டர்பனுக்குக் கூட்டிப் போ" என்று கத்துவோம். டர்பனில் நின்றுகொண்டு! பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்கு வேலை கடற்கரைச் சாலையில். விடிவதற்கு முன் போய், முந்தின நாள் ஜனம் விட்டுப்போன காகிதம், பாட்டில், ஐஸ்கிரீம் குச்சி எல்லாவற்றையும் பெருக்கி, வெயில் ஏறி முதல் குடும்பம் குடையோடு வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். மணலைத் தினமும் தொட்ட மனிதர் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

1953ல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் ரயில் பெட்டி, பெஞ்சு, கக்கூசு, தபால் ஆபீஸ் கவுண்டர் என்று எல்லாவற்றையும் நிறத்துக்கு நிறம் பிரித்தது போலக் கடலையும் பிரித்தது. நீச்சல் குளம், பிள்ளைகள் கால் நனைக்கும் குட்டை, வலை போட்டுக் காவல்காரர் நிற்கும் நல்ல துறைகள் எல்லாம் நகர முகப்பில் வெள்ளையருக்கு. எங்களுக்கு வடக்கே, உம்கேனி ஆற்று முகத்துவாரத்தை நோக்கி ஒரு துண்டு. அங்கே அலை முரடு. பலகை நட்டிருப்பார்கள்: இந்த இடத்தில் குளிப்பது வெள்ளை இனத்தாருக்கு மட்டும் என்று, ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் ஜூலுவிலும். தமிழில் கிடையாது. எங்களுக்குப் படிக்காமலே தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

பாட்டில் வரும் மற்ற இடங்களும் அப்படித்தான். டிரைவ்-இன், பொருட்காட்சி எல்லாவற்றிலும் வாசலிலேயே நிறம் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பாவுக்குச் சோம்பல், அதனால் கூட்டிப் போகவில்லை. எங்கள் அப்பாக்களும் முடியாது என்றுதான் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் "தலைவலி", "நாளைக்கு", "காசில்லை" என்று ஏதாவது வரும். பலகை என்று ஒருவரும் சொன்னதில்லை. பிள்ளையிடம் சொல்லக் கூச்சம்.

இதைக் கேட்டுவிட்டு எங்களுக்குக் கடலே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். கடல் எங்களுக்கு இருந்தது, விடுமுறைதான் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை இந்தத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் சில குடும்பங்கள் வளைகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டுக் கரைவலை இழுக்கத் தொடங்கின. ஊரில் செய்த தொழில். அதே வலை, அதே ஏலேலோ, மீன் மட்டும் வேறு. பிறகு தீவிலிருந்து விரட்டினார்கள், எதிர்க்கரைக்குப் போனார்கள், அங்கிருந்தும் 1960களில் விரட்டினார்கள். அந்தத் தீவில் என்ன நடந்தது தெரியுமா? 1961ல், ஏறக்குறைய இந்தப் பாட்டு பிறந்த நேரத்தில், பழைய கடற்படைக் கொட்டகைகளில் இந்தியர்களுக்கு என்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். மீன்காரர்களின் பேரப்பிள்ளைகள் படகேறிப் போய் அங்கே பட்டம் படித்தார்கள். 1972ல் வெஸ்ட்வில்லுக்கு மாறும்வரை அது அங்கேதான்.

எங்கள் ஆயாவுக்குக் கடல் என்றால் கங்கைதான். இந்துமகா சமுத்திரம் என்றெல்லாம் அவளிடம் சொல்லிப் பயனில்லை. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி அலையில் விட்டு, கங்கையம்மா என்று கும்பிட்டு, உப்புத்தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதற்குப் போவதும் விடியலுக்கு முன்தான். பலகை இருட்டில் தெரியாது.

ஜூன், ஜூலையில் சார்டின் வரும். நம் மத்திக்கு ஒன்றுவிட்ட உறவு. தெற்கேயிருந்து குளிர்ந்த நீரோடு கோடிக்கணக்கில் கரையை ஒட்டி வரும்; மேலே கடற்பறவைகள், பின்னால் சுறாவும் டால்பினும். கரைவலைக்காரர்கள் படகை அலைக்குள் தள்ளி வளைத்து இழுத்தால் மணலெல்லாம் வெள்ளி. ஒதுங்குகிற மீனை யார் வேண்டுமானாலும் அள்ளலாம். ஒரு வருடம் சித்தப்பா என்னைத் தென்கரைக்குக் கூட்டிப்போனார். ஊர் பெயர் எனக்கு நினைவில்லை, ஆனால் பலகை நின்றது நினைவிருக்கிறது. அன்றைக்கு அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. வெள்ளைக்கார அம்மா ஒருத்தி பாவாடையை மடித்துக்கட்டிக்கொண்டு தொப்பியில் மீன் அள்ளினாள். அவளுக்குப் பக்கத்தில் ஜூலுப் பெண் கூடையில், இந்தப் பக்கம் நான் சட்டையைக் கழற்றி அதில். முழங்கால்வரை ஒரே தண்ணீரில் நின்றோம். மத்தியானம் மீன் நின்றது. எல்லோருக்கும் மறுபடியும் பலகை ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள் அம்மா, மீலி ரைஸோடு. அரிசி வாங்க முடியாத நாளில் மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்து வடித்த சோறு அது. அன்றைக்கு லெக்கர் என்று சொன்னேன், அப்பாவும் சிரித்தார்.

அந்த 'எட்டு மணி நேர'த்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போது இருப்பது ஜோகன்னஸ்பர்க். அம்மாவின் தம்பி அங்கே வ்ரெடடோர்ப்பில் தையற்கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை மாமா குடும்பத்தோடு காரில் வருவார். இந்தியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போகப் பெர்மிட் எடுக்க வேண்டும். 1975 வரைக்கும் அந்த விதி இருந்தது. சொந்த அக்காவைப் பார்க்க அரசாங்கத்தின் முத்திரை. அது மட்டுமா, டர்பன் சாலை ஹாரிஸ்மித் வழியாகப் போகிறது, ஹாரிஸ்மித் இருப்பது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில். ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக்கூடாது என்று 1891லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், அது நீங்கியது 1986ல். கடந்து போகலாம், இரவு தங்க முடியாது. வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயத்திலேயே வில்லியர்ஸிலிருந்து வான் ரீனன் கணவாய் வரைக்கும் மாமா பேச மாட்டாராம். கணவாய் இறங்கி எங்கள் மாகாணமான நட்டாலுக்குள் நுழைந்ததும்தான் வண்டியை ஓரங்கட்டி, அத்தை கட்டிக்கொண்டு வந்த ரொட்டி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, பிளாஸ்க் டீ எல்லாம் வெளியே வரும். வழியில் கடைகள் இல்லாமல் இல்லை. உள்ளே உட்கார வைத்துப் பரிமாறுகிற கடைதான் இல்லை. பாட்டுக்கார வீட்டுக்கு எட்டு மணி நேரம் என்றால் மாமாவுக்குப் பதினொன்று ஆகும். அதில் பெர்மிட்டுக்கு வரிசையில் நின்ற நாள்கள் சேராது.

அவர் பிள்ளைகளும் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் வந்து இறங்கும். இறங்கினதும் கடல் எங்கே என்று கேட்கும். அப்பா அவர்களை ரிக்‌ஷாவைக் காட்டக் கூட்டிப்போவார், கொம்பும் மணியும் வைத்து ஜூலு இளைஞர்கள் இழுக்கிற ரிக்‌ஷா. ஏற்றிவிட மாட்டார், காட்டுவார். அப்புறம் ப்ளூ லகூனுக்கு. உம்கேனி ஆறு கடலில் விழுகிற இடம், காரை நிறுத்திவிட்டு பன்னி சௌ சாப்பிடலாம். பாதி ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக்குழம்பை ஊற்றித் தருவதுதான் பன்னி சௌ. டர்பன் இந்தியர்களைக் கேட்டால் கடற்கரை என்று முதலில் ப்ளூ லகூனைத்தான் சொல்வார்கள். அதைப் பற்றி யாரும் தட்டுப் போடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

1960களின் நடுவில் மகஸீன் பேரக்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குழு வட்டாரச் சட்டம், எந்த நிறத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த சட்டம். லாரியில் பாய், அம்மி, சாமிப்படம் ஏற்றிக்கொண்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் மேட்டுக்குப் போனோம். வீடு பெரிதுதான், தனிக் குழாய்கூட இருந்தது. முதல் ராத்திரி என் தங்கை தூங்கவில்லை. சத்தமே இல்லை என்று அழுதாள். அலை போய்விட்டது. அதன்பிறகு அப்பா வேலைக்குப் போக மூன்று மணிக்கே எழுந்து இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. அப்போதுதான் தம்பி, எங்களுக்கும் அந்தப் பாட்டு பொருந்தியது. டர்பனுக்குக் கூட்டிப் போ என்று நாங்களும் உண்மையாகவே கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டோம்.

1989 செப்டம்பரில் ஜனங்கள் கூட்டமாகப் போய்த் தடை போட்ட மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன், வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சொல்லாமல். நவம்பர் 16ஆம் தேதி அதிபர் டி கிளர்க் எல்லாக் கடற்கரைகளையும் எல்லோருக்கும் திறப்பதாக அறிவித்தார். ட்ரூரோ வந்து சேர்ந்த அதே தேதி, 129 வருடம் கழித்து. அவருக்கு அது தெரிந்திருக்காது. கோயிலில் எங்கள் பெரியவர்கள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். மறு வருடம் அக்டோபரில் தனித்தனி வசதிகள் சட்டமே போனது. அப்பாவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றி மணலில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட இருக்காது, குனிந்து கிட்டே கிடந்த ஐஸ்கிரீம் குச்சியைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பாட்டு நல்ல பாட்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நல்ல பாட்டுதான். பிள்ளைகளின் வாய்மொழியை அப்படியே பிடித்திருக்கிறது. அதை எழுதியவர் யாரையும் வெறுத்து எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பலகையின் பின்பக்கம் தெரியாது, பாட்டுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் யாராவது வடை, சுண்டல், சோஜி வரிசையைத் தொடங்கினால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

வரவேண்டும் என்று ஆசையாக இருந்தால் டிசம்பரில் வராதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. இப்போது எட்டு மணி நேரம் வேண்டாம், என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் போதும். டி ஹூக், வில்ஜ், துகேலா, மூய், மரியன்ஹில் என்று ஐந்து சுங்கச்சாவடி. ஹாரிஸ்மித்தில் நிறுத்தி உட்கார்ந்து டீ குடியுங்கள். பாட்டில் வருகிற மீன்காட்சிச் சாலை பழைய இடத்தில் இல்லை, 2004ல் திறந்த உஷாகா கடல் பூங்காவுக்குப் போய்விட்டது. ரிக்‌ஷா இன்னும் உண்டு, எண்ணிக்கைதான் குறைவு, நீங்கள் ஏறலாம். ஜூன் கடைசியில் தென்கரைக்குச் சார்டின் வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் லீவு போட்டுவிட்டு ராத்திரியே கிளம்பிவிடுங்கள். வாளி என்னிடம் இருக்கிறது.